திருத்திய பிரதி

பழைய சித்திரக்கதைப் புத்தகங்களை ஒன்லைன் ஏலத்தில் வாங்குகிற பைத்தியம் எனக்குப் பிடித்தது, பென்ஷன் எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்த முதல் வருடத்தில். முப்பது வருடமாகப் பிள்ளைகளின் மேசைக்கடியிலிருந்து இதே புத்தகங்களைப் பிடுங்கிய டீச்சர் நான். பிடுங்கியவற்றை ஸ்டாஃப் ரூமில் வைத்து ஒரு பக்கம் விடாமல் வாசித்தவளும் நான்தான். அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இப்போது காசு கொடுத்து வாங்கி வாசிப்பதையும் கற்பிட்டியில் யாரிடமும் சொல்வதில்லை. ஏலக் குழுவில் என் முகத்துக்குப் பதிலாக ஒரு செவ்வரத்தம் பூவின் படம் இருக்கிறது. பெயரும் ஓர் ஆம்பிளைப் பெயர். கூச்சம் என்று ஒன்று மனுசருக்கு இருக்கத்தானே வேண்டும்!

என் கணவர் வெங்காய வியாபாரி. அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். "வெங்காயம் விக்கிறவனே சாக்க அவுத்துக் கொட்டிக் காட்டுறான். நீ போட்டோவப் பாத்துப் பழைய பேப்பருக்கு வெல கேக்கிற," என்பார். நான் அடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

அந்தக் குழுவில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். அதைக் கண்டவுடன் எனக்குத் தாய்வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அட்டை மங்கியிருந்தால் ஒன்று குறைப்பார்கள், மூலை மடிந்திருந்தால் அரை. கம்பிப் பின் துருப்பிடித்தாலும் ஒரு மார்க் போகும் என்று ஒருவர் எழுத, நான் சண்டைக்குப் போய்விட்டேன். எங்கள் ஊர் உப்புக் காற்றில் வீட்டு இரும்புக் கேற்றே இரண்டு வருடம் தாங்காது. பாவம், ஒரு சின்னப் பின் என்ன செய்யும்?

நான் முதன்முதலாக ஏலத்தில் எடுத்த புத்தகத்தைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். "அரிய இதழ், திருத்திய பிரதி" என்று விற்பவர் போட்டிருந்தார். திருத்தியது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கொப்பி திருத்துவது, பேப்பர் திருத்துவது. யாரோ ஒரு நல்ல ஆசிரியர் அந்தக் கொமிக்ஸில் இருந்த எழுத்துப் பிழைகளையெல்லாம் திருத்தி வைத்திருக்கிறார் என்று நினைத்து உருகிப்போனேன். விலையை நானே இரண்டு மடங்காக ஏற்றி எடுத்தேன். பார்சல் வந்தது. பிழைகள் அப்படியே இருந்தன. முதுகு மட்டும் பசை போட்டு ஒட்டியிருந்தது. "யார் திருத்தியது? சிவப்புப் பேனை அடையாளமே இல்லையே?" என்று குழுவில் கேட்டேன். அரை மணித்தியாலம் எல்லாரும் சிரிப்புப் படமாக அனுப்பினார்கள். பிறகு ஒரு புண்ணியவான் விளங்கப்படுத்தினார்: சைக்கிள் திருத்துவது போலத்தான் இதுவும். கிழிந்ததை ஒட்டி, கழன்றதைக் கட்டி எடுப்பது. அப்படித் திருத்திய புத்தகத்துக்கு, கை படாத புத்தகத்தின் பாதி விலைகூட வராது.

"திருத்தினால் பெறுமதி கூடத்தானே வேணும்?" என்று கேட்டேன். முப்பது வருடம் அந்த நம்பிக்கையில் சம்பளம் எடுத்தவள் வேறு எதைக் கேட்பாள்?

போன வருடம் ஒரு நாள், பின்னேரம் பிளேன்டீயோடு போனைத் திறந்தால் புதிதாக ஒரு புத்தகம் ஏலத்துக்கு வந்திருந்தது. "திருத்திய பிரதி. நடுவால் இரண்டாகக் கிழிந்தது, ஒட்டப்பட்டுள்ளது. உள்ளட்டையில் சிவப்பு மையில் எழுத்து." கீழே நாலு படங்கள். நாலாவது படத்தை விரலால் பெரிதாக்கினேன். "பாட நேரத்தில் வாசித்தது. பெற்றோரை அழைத்து வரவும்." கீழே ஒரு கையெழுத்து, முதல் எழுத்தில் பெரிய சுழி போட்டு, வாலை இழுத்துவிட்டு.

அது என்னுடைய கையெழுத்து. யா அல்லாஹ்! இப்போதும் பாங்கில் பென்ஷன் எடுக்க அதே சுழியைத்தான் போடுகிறேன்.

எந்தப் பிள்ளையின் புத்தகம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. ஒன்றை மட்டும் கிழித்திருந்தால் நினைவிருக்கும்; வாசித்து முடித்துக் கிழித்துக் கொடுத்தவை எத்தனையோ.

அதற்குள் குழுவில் பகிடி தொடங்கிவிட்டது. கிழித்தது டீச்சரா சுறாவா என்று ஒருவர் கேட்டார். மோட்டார் சைக்கிள் படம் வைத்திருந்த இன்னொருவர், "எங்கட டீச்சரும் இப்பிடித்தான். இந்தச் சிவப்பு மைக்காகவே எனக்கு வேணும், கண்ணாடி போட்டுச் சுவருல மாட்டப் போறன்," என்று எழுதினார். கற்பிட்டியிலும் கரைத்தீவிலும் என் கையெழுத்தில் ரிப்போர்ட் வாங்காத வீடு குறைவு. அது யார் வீட்டுச் சுவரிலும் தொங்கக் கூடாது. அந்த நேரத்தில் எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். அந்தப் பிள்ளையைப் பற்றிய கவலை இல்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இரண்டாயிரம் ரூபாயில் தொடங்கிய ஏலம் அஸர் தொழுகைக்குப் பிறகு சூடு பிடித்தது. மோட்டார் சைக்கிள் நாலு என்றால் நான் ஐந்து. அவர் ஏழு என்றால் நான் எட்டு. அடுப்பில் மீன் ஆணம் அடிப்பிடித்து மணக்க, கணவர் வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனார். ஐந்து மணிக்கு ஏலம் முடிந்தபோது பதினோராயிரத்துக்குப் புத்தகம் எனக்கு. பத்துக்கு மூன்று மார்க் பெறாத புத்தகம்! போன மார்க்கில் இரண்டு என் கையெழுத்தால் போனது என்று நினைக்க இன்னும் ஆத்திரமாக இருந்தது.

விற்றவர் ஆலங்குடாவில் படகு திருத்துகிறவர். தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் படத்தைக் குழுவிலிருந்து அழிக்கச் செய்ய வேண்டுமே. அடுத்த நாள் காலையில் த்ரீவீலர் பிடித்துப் போனேன். மருமகன் ஏலத்தில் எடுத்தார், நான் வாங்கிப்போக வந்தேன். இதுதான் பொய். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடற்கரையோரம் தகரக் கொட்டிலில் ஒரு ஃபைபர் படகைக் கவிழ்த்து வைத்து ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். தலை, தாடி எல்லாம் வெள்ளைத் தூள். நான் வாயைத் திறந்து "மருமகன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்ததைக் கீழே போட்டார்.

"டீச்சர்!" என்றார்.

மருமகன் அந்த இடத்திலேயே மௌத்தாகிவிட்டார்.

"நீங்களா டீச்சர் எடுத்தீங்க? தெரிஞ்சிருந்தா சும்மாவே தந்திருப்பனே," என்று ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். பழிவாங்கத்தான் இதை ஏலத்தில் போட்டிருக்கிறார் என்று இரவு முழுக்க நினைத்திருந்தேன். ஏன் விற்றீர்கள் என்று கேட்டேன். "இத விட நல்ல பிரதி ஒண்டு கெடச்சிச்சு டீச்சர், அதால வித்துட்டன்," என்றார். பழியும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னைப் பற்றி நான்தான் அவ்வளவு பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். அழகாக ஒட்டியிருந்தார். விரலால் தடவினால்தான் கிழிசல் தெரிந்தது.

"இது அப்ப என்ட புத்தகம் இல்ல டீச்சர். பக்கத்து வீட்டுப் பொடியன்ட. திருப்பிக் குடுக்கணுமே என்டு மாக்கூழ் காய்ச்சி ஒட்டினன். அவன் வாங்கமாட்டன் என்டுட்டான். பொறகு பழகிப் பழகி நல்லா ஒட்டினன்."

கேட்க வேண்டாம் என்று மனம் சொல்லியது. கேட்டேன். "பெற்றோரக் கூட்டி வரச் சொல்லி எழுதியிருக்கே. வந்தாங்களா?"

"உம்மா வந்தாங்க. தொண்ணூறுல எங்கள மன்னார விட்டு வெரட்டி, இங்க வந்த பொறகு வாப்பா மௌத்துதானே. காலம்பொற வந்து இன்டர்வல் முடியுமட்டும் கேற்றடியில நிண்டாங்க. நீங்க மீட்டிங்ல என்டு செல்லியிருக்காங்க. கருவாடு காயப் போட்டுட்டு வந்தவங்க, மழ இருட்டிக்கிட்டு வர ஓடிட்டாங்க. பெற்றோர் இல்லாம எப்பிடி வாற என்டு அடுத்த நாள் நான் வரல்ல. அதுக்கடுத்த நாளும் வரல்ல. பொறகு மாமாவோட கடலுக்குப் போயிட்டன்."

"எந்த வகுப்புல?"

"எட்டு."

அன்றைக்கு என்ன மீட்டிங் என்று யோசித்துப் பார்த்தேன். மீட்டிங்காக இருந்திருக்கலாம். யாரிடமோ பிடுங்கிய இன்னொரு புத்தகத்தை நான் வாசித்துக்கொண்டிருந்ததாகவும் இருக்கலாம். ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை. வரவு இடாப்பில் மூன்று சுழியம் போட்டிருப்பேன், வேறென்ன செய்திருப்பேன்?

"மகன், நான் செஞ்சது பெரிய புழ," என்று தொடங்கினேன்.

"ஐயோ, அப்பிடிச் செல்லாதீங்க டீச்சர். பாட நேரத்துல வாசிச்சது என்ட புழதானே. நீங்கதான் மன்னிக்கணும்."

"இல்ல மகன், நான்..."

"வீட்டுல கஷ்டம் டீச்சர், எப்பிடியும் ஸ்கூல விட்டிருப்பன். நீங்க மனசுல வெச்சிக்க வேணாம்."

என்னைச் சொல்லி முடிக்கவே விடவில்லை. இரண்டு தரம் தொடங்கினேன், இரண்டு தரமும் என்னைக் காப்பாற்றப் பாய்ந்து வந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு வருகிற கோபம் ஊருக்கே தெரியும். கதிரையை விட்டு எழும்பி, எட்டாம் வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்த பிள்ளைக்கும் கேட்கிற குரலில் கத்தினேன்:

"வாய மூடிக்கிட்டு நான் செல்றதக் கேளுங்க! மன்னிப்புக் கேக்கிறது நான்!"

அவர் சட்டென்று வாயை மூடினார். தூள் படிந்த இரண்டு கைகளையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார்.