கீழப்பாவூர் பார்த்த குழாய்

பழைய ஆம்ப்ளிபயருக்குள் இருக்கும் கண்ணாடி வால்வு சூடாகும்போது ஒரு வாசனை வரும். தூசியை வாணலியில் போட்டு வறுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதில் கொஞ்சம் அரக்கும் மெழுகும் கலந்திருக்கும். ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் பையனாக இருந்த எனக்குக் கல்யாண வீடு என்றால் முதலில் மூக்குக்கு எட்டியது சாம்பார் அல்ல, இந்த வாசனைதான். அதற்குப் பிறகுதான் ‘கொர்’ரென்ற இரைச்சலும், இசைத்தட்டில் முள் விழும் சத்தமும், தெருவே அதிரும் பாட்டும்.

எங்கள் பக்கத்தில் ‘மைக் செட்’ என்றால் மைதீன் அண்ணாச்சிதான். கொழும்பில் சில வருஷம் இருந்துவிட்டு, ஒரு முப்பது வாட் ஆம்ப்ளிபயரோடு ஊர் திரும்பியவர். கொழும்பில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வேலையைச் சொல்வார். பெட்டி மட்டும் உண்மை. அவரிடம் ஐந்து ‘குழாய்’கள் இருந்தன. குழாய் என்பது தகரத்தாலான வாய் அகன்ற புனல். அதன் பின்னால் திருகியிருக்கும் ‘யூனிட்’ என்ற சிறு உருண்டைதான் சத்தம் போடும், புனல் அதைத் தள்ளிவிடும். செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள் குழாயைக் ‘கோளாம்பி’ என்பார்கள். மலையாளத்தில் எச்சில் துப்பும் பாத்திரத்துக்கு அந்தப் பெயர். அவமரியாதையாக அல்ல, உருவ ஒற்றுமைக்காக.

குழாய்களை ஒரே கமுக மரத்தின் உச்சியில் கட்டி, ஒவ்வொன்றின் வாயையும் ஒரு திசைக்குத் திருப்பி வைப்பது அன்றைய வழக்கம். பந்தலில் இருப்பவர்கள் கேட்பதற்காக அல்ல. மாப்பிள்ளை ஊர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஒன்று, பெரியவர்களின் ஊர்ப்பக்கம் ஒன்று என்று, உறவுமுறையின் மரியாதை மரத்தின் உச்சியில் ஏறிவிடும். சத்தம் இரண்டு மைல் தாண்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் என்ன, குழாய் நம் ஊரைப் பார்க்கிறதா என்பதுதான் பேச்சு.

செண்பகம் அக்காவின் கல்யாணம் ஒரு ஆனி மாதத்தில், குற்றாலத்தில் சீசன் தொடங்கிச் சாரல் எங்கள் தெருவரை வந்து நனைத்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது. மாப்பிள்ளைக்கு வடகரை, அங்கே பார்த்து ஒரு குழாய். அப்பாவின் அண்ணன் சிவகிரியில் இருந்தார். அங்கே பார்த்து ஒன்று. அப்பாவின் ஆபீஸ் மேலதிகாரி கோயில் பக்கம் குடியிருந்தார், அவருக்கு ஒன்று. நான்காவது தெருவுக்கு. எல்லாம் முறையாக யோசித்துச் செய்ததாக அப்பாவுக்கு ஒரு திருப்தி. முதல் நாள் மத்தியானம் கீழப்பாவூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி, அக்காவுக்குத் தாய்மாமன். வாசலில் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தார். தோளிலிருந்த பையை இறக்கவில்லை.

“யக்கா, எங்க ஊரு கெழக்க இருக்குன்னு அத்தானுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“நீதான் வீட்டுக்குள்ளயே இருக்கப் போறியேடா, உனக்கு எதுக்குத் தனியாக் குழாயி?” என்றாள் அம்மா.

“நா இருப்பேன். எங்க ஊரு எங்கன இருக்கும்? ராத்திரி பஸ் இருக்கு, நா வாரேன்.”

எங்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்து வராமல் பெண் மணவறைக்கு வர முடியாது. மாமா பஸ் ஏறினால் கல்யாணம் நின்றுவிடும். அப்பா மைதீன் அண்ணாச்சியிடம் ஓடினார். அண்ணாச்சி முடியாது என்றார்.

ஏன் முடியாது என்பதை நான் கொஞ்சம் விளக்கியே தீருவேன். பின்னாளில் மின் ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு அந்தச் சலுகை உண்டு. ஒவ்வொரு யூனிட்டும் மின்சாரத்துக்குக் காட்டும் தடை பதினாறு ஓம். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் வழி இரண்டாகிறது, தடை எட்டாகக் குறைகிறது. நான்கை இணைத்தால் நான்கு ஓம். பெட்டியின் பின்னால் நான்கு, எட்டு, பதினாறு என்று எழுதிய திருகாணிகள் இருக்கும். எத்தனை ஓம் சேர்கிறதோ அந்தத் திருகாணியில் கம்பியைக் கட்ட வேண்டும். முப்பது வாட் நான்கு பங்காகப் பிரிந்து போகும். ஐந்தாவதைச் சேர்த்தால் தடை நான்குக்கும் கீழே போகும். அதற்குத் திருகாணி கிடையாது, வால்வு தகடுகள் சிவக்க ஆரம்பிக்கும். இதை எங்கள் ஊர்க் குளத்தை வைத்தும் சொல்லலாம். மடைகளை அளவுக்கு மேல் திறந்தால் எந்த வயலுக்கும் தண்ணீர் வேகமாகப் போகாது. எல்லா மடையையும் அடைத்துவிட்டு வெள்ளத்தை வரவிட்டாலோ கரையே உடைந்துவிடும். வால்வு பெட்டிக்கு இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. யூனிட் எதுவும் இணைக்காமல் பாட்டை ஓடவிட்டால், போக வழியில்லாத மின்சாரம் உள்ளேயிருக்கும் டிரான்ஸ்பார்மரில் பொறியாகத் தாவி அதை எரித்துவிடும்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் அண்ணாச்சி சொன்ன காரணம் வேறு: “அஞ்சாவது குழாயி இருக்கு மொதலாளி. யூனிட்டு போன மாசமே தீஞ்சு போச்சு.” பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். அதற்கு அவருக்கு அரை நிமிஷம் கூட ஆகவில்லை என்பதால், முன்பும் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். வெறும் புனலை மரத்தில் ஏற்றி, கீழப்பாவூரைப் பார்க்கத் திருப்பி, ஒரு துண்டுக் கம்பியையும் அதிலிருந்து தொங்கவிட்டார். மரத்தடியில் நின்றால் எந்தப் பாட்டு எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? மாமா மரத்தடியில் நின்று முழுப் பாட்டையும் கேட்டார்.

“மத்ததவிட இது கணீர்னு இருக்கு” என்றார். பையை இறக்கினார்.

மறுநாள் காலையில் சாரல் மேற்கேயிருந்து சாய்ந்து அடித்தது. நான் பெண்ணின் தம்பி என்பதால், கால் தடுக்கும் பட்டு வேட்டியோடு பந்தலின் முன்வரிசையில் மாப்பிள்ளைத் தோழர்களுக்கு நடுவில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தேன். மழைக்கு ஒதுங்க இடம் தேடிய ஒரு காகம், நனையாமல் இருந்த ஒரே வாயான கிழக்குக் குழாய்க்குள் போய் உட்கார்ந்தது. மற்ற நான்கும் அலறிக்கொண்டிருக்க, அது சிறகைக் கோதிக்கொண்டு, பிறகு கண்ணையும் மூடிக்கொண்டது.

முதலில் பார்த்தவர் சிவகிரிப் பெரியப்பா. பார்த்ததோடு இருப்பவர் அல்ல அவர்.

“என்ன மாப்ள, உங்க ஊருக்குப் போற பாட்டக் கேட்டுக் காக்காயே ஒறங்கிட்டுல்லா!” என்றார், பந்தல் முழுக்கக் கேட்கும்படி.

“பாட்டு அப்படி, மச்சான். ஒங்க குழாயில காக்கா அண்டுமா?” என்று சிரித்தபடியே மேலே பார்த்த மாமாவின் முகம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறியது. நேராக அண்ணாச்சியின் மேஜைக்குப் போனார்.

“என்னவே, எங்க ஊருக் குழாய்ல சத்தம் வருதா, வரலியா?”

“அண்ணாச்சி, ஓமுன்னு ஒரு கணக்கு இருக்கு...” என்று இழுத்தார் மைதீன். அவருக்கு மாமாவும் அண்ணாச்சிதான்.

“ஓமம் வயித்துவலிக்குக் குடிக்கது. நான் கேட்டதுக்குப் பதிலச் சொல்லும்.”

“அஞ்சு போட்டா பெட்டி தாங்காது அண்ணாச்சி.”

“அப்பம் சிவகிரியக் கழத்தும். கழத்தி எங்க ஊருக்குக் குடும்.”

பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். “எவன்லே எங்க ஊருக் குழாய்ல கை வைக்கது?” அப்பா இருவருக்கும் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் கும்பிட்டார். அதற்குள் மாமா பெட்டிக்குப் பின்னால் கையைவிட்டு, நான்கு யூனிட்டுகளுக்கும் போகும் கம்பியை மொத்தமாகப் பிடுங்கிவிட்டார்.

குழாய்கள் நான்கும் ஒரே நேரத்தில் வாயடைத்தன. தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. முள்ளின் நுனியிலிருந்து கொசு பாடுவது போல் அதே பாட்டு மெல்ல வந்தது.

“வயரக் குடும் அண்ணாச்சி, பெட்டி எரிஞ்சிரும்!”

“எரியட்டும்வே!”

அண்ணாச்சி மாமாவின் கைமுட்டியைப் பிரிக்கப் பார்த்தார். மாமா வயல் வேலை செய்த மனிதர், முட்டி பிரியவில்லை. இத்தகைய நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: முதலில் சுவிட்சை அணைப்பது. சுவிட்ச் அண்ணாச்சியின் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. பந்தலில் இருந்த எல்லோரும் கம்பியையே பார்த்தார்கள். பெட்டிக்குள் ‘சட்’டென்று ஒரு சத்தம். மேலே சுருண்டு வந்த புகைக்கு வால்வு சூடாகும் அந்த வாசனை இல்லை.

பிறகு வந்த அமைதியில், அதுவரை யாருக்கும் கேட்காமல் வாசித்துக்கொண்டிருந்த நாகசுரக்காரர் தம் சத்தத்தைக் கேட்டுத் தாமே திடுக்கிட்டு நிறுத்தினார். முகூர்த்தத்துக்குச் சற்று நேரம்தான் இருந்தது. அம்மா நிலைப்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால், மாலையோடு அக்கா. எல்லோருடைய கண்ணும் மாமாவின் காலில் இருந்தது: தெருப் பக்கம் திரும்புமா, வீட்டுப் பக்கம் திரும்புமா என்று.

மாமா மரத்தை அண்ணாந்து பார்த்தார். வடகரை, சிவகிரி, கோயில், தெரு, கீழப்பாவூர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்திலும் சத்தமில்லை. கம்பியை மேஜைமேல் ஒழுங்காகச் சுருட்டி வைத்தார். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் கையைக் கழுவினார்.

“நேரமாகுதுல்லா? பிள்ளையக் கூட்டியாக்கா” என்றார்.

அக்காவின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பெரியப்பா மட்டும் பந்தியில் உட்காரும்வரை சிவகிரிக் குழாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மைதீன் அண்ணாச்சி டிரான்ஸ்பார்மரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ப் புதிதாகக் கம்பி சுற்றி வாங்கிவந்தார். அதன் பிறகு கல்யாண வீட்டுக்காரர் யார் வந்தாலும், எத்தனை குழாய் வேண்டும் என்பதற்கு முன்னால் அவர் கேட்டது ஒன்றுதான்: “தாய்மாமனுக்கு எந்த ஊரு?” நான் பின்னாளில் படித்த எந்தப் பொறியியல் புத்தகத்திலும் இந்த விதி இல்லை. ஆனால் அவருடைய பெட்டி மறுபடி எரியவில்லை.

போன மாதம் அக்காவின் பேத்திக்குக் குற்றாலம் சாலையில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மேடையின் இரு பக்கமும் ஆளுயர ஒலிபெருக்கிகள், அவற்றுக்குக் கீழே அலமாரி மாதிரி இரண்டு ‘பேஸ்’ பெட்டிகள். பழக்கதோஷத்தில் பின்னால் போய்ப் பார்த்தேன். எட்டு ஓம் என்று எழுதியிருந்தது; ஆம்ப்ளிபயரும் அதற்குப் பொருத்தமானதுதான். கம்பி கழன்றால் என்ன ஆகும் என்று அங்கிருந்த தம்பியைக் கேட்டேன்.

“ஒண்ணும் ஆவாது தாத்தா. புரொடெக்‌ஷன் இருக்கு.”

“எந்தப் பக்கம் பாத்து வைக்கணும்?”

“பேஸுக்கு ஏது தாத்தா பக்கம்? எங்கன வச்சாலும் மண்டபம் பூராக் கேக்கும்.”

சரியாகத்தான் சொன்னான். பேஸ் என்கிற தாழ்ந்த சுருதிச் சத்தம் எங்கும் பரவும். அதை ஓர் ஊருக்கென்று திருப்பிவிட முடியாது. மணப்பெண்ணின் தாய்மாமன் துபாயில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. முகூர்த்த நேரத்தில் கைபேசித் திரையில் வந்தான். அவன் வாய் அசைந்தது. “சத்தமாப் பேசுலே” என்று அவனுடைய அக்கா, மணப்பெண்ணின் அம்மா, கத்தினாள். அவள் கைபேசியை மேடைக்குப் பின்னால் கொண்டுபோனாள், வாசலுக்குக் கொண்டுபோனாள், எல்லா இடத்திலும் அதே அதிர்வு. கடைசியில் கை கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அவனோடு பேசி முடித்து வெளியே வந்தபோது, தாலி கட்டி முடிந்திருந்தது.