அப்பா சம்மதித்த அப்பா வேடம்

பதினோரு வயதில் நான் ஒரு பெண்ணுக்கு அப்பா ஆனேன். அதுவும் சாதாரண அப்பா இல்லை, நானூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்து அப்பா.

கொடைக்கானலில் நான் படித்த பெண்கள் பள்ளியில், விழாவுக்கு அந்தக் காலத்து இங்கிலீஷ் நாடகம் ஒன்றைப் போடுவதென்று நாடக மிஸ் முடிவு செய்தார். கதை லேசானது. ஒரு பணக்கார வியாபாரி தன் மகளைக் கேட்காமலே அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிடுகிறான். அவள் மாட்டேன் என்கிறாள். அப்பன் கத்துகிறான். அவள் ஆண் உடையில் வீட்டை விட்டு ஓடுகிறாள். கடைசியில் அப்பன் இறங்கி வருகிறான். எதைக் கொடுத்தாலும் மனப்பாடமாக ஒப்பிப்பேன் என்பதால் மகள் வேடம் எனக்கு வந்தது. வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த நாட்டில் அந்தக் காலத்தில் பெண்கள் மேடை ஏறக்கூடாதாம். குரல் உடையாத பையன்களுக்குக் கவுன் மாட்டி, பவுடர் அப்பி, பெண்ணாக நிறுத்துவார்களாம். மிஸ் இதைச் சொன்னபோது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இங்கே பையன்களே இல்லை, அதனால் நீங்கள் மீசை ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றார் மிஸ்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குக் காரட் வியாபாரம். மேல்மலைத் தோட்டங்களில் வாங்கி, லாரியில் ஏற்றி, வெள்ளனே ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்கு இறங்கிவிடுவார். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்பனை எதுத்துப் பேசுறதுக்கா உன்னைய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல சேத்துவிட்டேன்? பொம்பளப் பிள்ளை வேசமே வேண்டாம் தாயி. ஆம்பளை வேசம் இருந்தா வாங்கிக் கட்டு."

பிரச்சினையை அழகாகத் தீர்த்துவிட்ட திருப்தியில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அழாத குறையாக மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். உங்கள் அப்பா அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரர்தான் என்று சொல்லி, மகள் வேடத்தை என் தோழிக்குக் கொடுத்து, என்னை அப்பா ஆக்கினார்.

இங்கிலாந்து அப்பா எப்படிக் கோபப்படுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒரே ஓர் அப்பா. எங்கள் அப்பா ஒன்றைத் தீர்த்துச் சொல்லிவிட்டால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஓர் உதறு உதறி அடுத்த தோளில் போடுவார். "பேச்சு முடிஞ்சது" என்பார். மண்டியில் விலை படியாவிட்டாலும் அதே உதறல்தான். அதற்கப்புறம் எந்தக் கொம்பனும் வாயைத் திறக்க முடியாது.

அக்கா விஷயத்திலும் அதுதான் நடந்தது. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, மதுரையில் கல்லூரிக்குப் போகும் கனவில் இருந்தாள் அக்கா. அப்பாவோ ஒட்டன்சத்திரத்தில் மண்டி வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். "அப்பா, நான்..." என்று அவள் ஆரம்பித்ததுமே துண்டு தோள் மாறிவிட்டது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அவளைச் சாப்பிடச் சொல்லு, சாப்பிட்டாச்சுன்னு சொல்லு என்று அம்மாதான் நடுவில் தூது போனாள். பள்ளி விழா முடிந்த மறுவாரம் மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருவதாக இருந்தது.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒத்திகை பார்க்க ஆள் வேண்டுமே! அக்காதான் மகளாக நின்றாள். அடுப்படியில் நாங்கள், அடுத்த அறையில் தட்டின் முன்னால் அப்பா. முதலில் இங்கிலீஷில் சொல்வாள். பிறகு, அர்த்தம் புரிந்தால்தான் நடிப்பு வரும் என்று தமிழில் சொல்வாள்.

"அப்பா, நீங்க எனக்குக் கெடுதல் நினைக்க மாட்டீங்க, தெரியும். ஆனா என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் படிக்கணும்ப்பா. படிச்சு முடிச்சதும் நீங்க யாரைச் சொன்னாலும் கட்டிக்கிறேன்."

நான் அம்மாவின் பழைய சேலைத் துணி ஒன்றை உதறித் தோளில் போட்டு, "பேச்சு முடிஞ்சது" என்பேன். அப்பா ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்: "இந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு வாய் சாஸ்தி. ஆனா அது கேக்குறது நியாயமாத்தான் கெடக்கு." அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

நாடகத்தில் படிப்புப் பேச்சே கிடையாது என்பது எனக்குத் தெரியும். அப்பா மண்டிக்குப் போன பிறகு அக்காவைப் பிடித்துக்கொண்டேன். வசனத்தை இஷ்டத்துக்கு மாற்றினால் நான் எப்படி நடிப்பது? "நீ ஒன்னோடதை மட்டும் பாரு" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

விழா அன்று மத்தியானம், அப்பா ஸ்வெட்டரும் அதன் மேல் துண்டுமாக இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா, அதற்கப்பால் அக்கா. மேடையில் தோழி மண்டியிட்டுக் கெஞ்சினாள். நான் என் வெல்வெட் அங்கியை உருவி, ஓர் உதறு உதறி, அடுத்த தோளில் போட்டேன். "ஏலே, நம்ம காரட்டுக்காரருடா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, அரங்கமே அதிர்ந்தது. கைதட்டல் அடங்கியதும் இன்னொரு தடவை உதறினேன். எதற்கு விடுவது? அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. துண்டை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பனிமூட்டம் இறங்கியிருந்தது. அம்மாவும் அக்காவும் முன்னால் நடந்தார்கள். என் நடிப்பைப் பற்றிக் கேட்பார் என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"அந்தப் பிள்ளை முட்டி போட்டுக் கேட்டுச்சே தாயி, அதுதான அந்தப் படிப்பு விசயம்?"

"இல்லப்பா. அது வேற மாப்பிள்ளை கேட்டுச்சு. இந்தக் கதையில படிப்பே கெடையாது."

"அப்ப வீட்டுல சொன்னது?"

"அது அக்கா சொந்தமாச் சேத்ததுப்பா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

அப்பா நின்றுவிட்டார். நானும் நின்றேன். சரி, அக்காவுக்கு இன்றைக்கு நல்ல திட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏத்தா, நில்லு" என்று கூப்பிட்டார். அத்தனை நாளுக்கப்புறம் அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. அக்கா திரும்பினாள். "அடுப்படியில சொன்னியே, அதை இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். ஒரு சொல் விடவில்லை.

"ஒட்டன்சத்திரத்துக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நீ காலேஜுக்குப் போத்தா" என்றார் அப்பா.

நடுரோட்டில் நின்று அக்கா ஓவென்று அழுதாள். அம்மாவும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை என் நடிப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மேடை ஏறியது நான், கைதட்டு வாங்கியது நான். வசனத்தை மாற்றிய அக்காவை எதற்காகக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.