ஒட்டினது தெரியக் கூடாது

ஸ்ரீரங்கத்தில் போட்டோஷாப் படித்தபோது பக்கத்து கம்ப்யூட்டரில் ஒருவர் உட்காருவார். நாற்பது வயதிருக்கும். எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ்ஸில் வருவார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கத்தரித்த மீசை. உட்காருமுன் கைக்குட்டையால் மௌஸைத் துடைப்பார். சந்தேகம் வந்தால், "தங்கச்சி, கொஞ்சம் பாருங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்.

ஒருநாள், ஒரு பெண்ணின் படத்தை வெட்டி, வேறு படத்திலிருந்த ஆளின் பக்கத்தில் ஒட்டியிருந்தார்.

"ஒட்டினது தெரியக் கூடாது. எப்படிங்க?"

பயிற்சிக்குச் செய்கிறார் என்று நினைத்து, ஓரங்களை மழுப்பி, நிழல் போட்டுக் காட்டினேன். பிறகுதான், "யாருங்க இவங்க?" என்று கேட்டேன்.

"தம்பி சம்சாரம். தம்பி செத்தும் வீட்டை விட்டுப் போக மாட்டேங்குறா. நாலு பேருகிட்ட இதைக் காட்டினா அவளாவே போயிடுவா."

மௌஸைப் பிடுங்கிப் படத்தை அழித்தேன். "வெட்கமா இல்லையா உங்களுக்கு?" என்று கத்தினேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அவருக்குக் கோபமே வரவில்லை. "பரவாயில்லைங்க. இப்பத்தான் எனக்கே செய்யத் தெரியுமே" என்று எழுந்து போனார். அப்புறம் வகுப்புக்கு வரவேயில்லை.

அந்தப் பெண்ணை எச்சரிக்க நினைத்தேன். பெயர்கூடத் தெரியாது. முகம் மட்டும் நன்றாகத் தெரியும். அதன் ஓரங்களை மழுப்பியவள் நான்.