இறக்கத்தில் பேசிய பேச்சு

குமுளியில் வேலை முடித்து மாலையில் பைக்கில் கூடலூருக்கு இறங்கும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மலைப்பாதை தொடங்கியதும் எஞ்சினை அணைத்து, வண்டியை நியூட்ரலில் போட்டு, பின் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே அடிவாரத்து லோயர் கேம்ப் வரை உருண்டு வருவோம். பெட்ரோல் மிச்சமாம். அப்படி மிச்சம் பிடித்து மாடி வீடு கட்டிய யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் பல வருடங்களாக நானும் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் என் காரணம் வேறு. நான் ஏலக்காய் கடையில் எடை போடுகிறவன். மனைவிக்கு அதே தெருவில் தையல் கடையில் வேலை. வீட்டுக்குப் போய்விட்டால் பிள்ளைகள், டிவி, என் அம்மா. எஞ்சின் நின்ற அந்த இறக்கத்தில்தான் அவள் குரல் எனக்கு முழுசாகக் கேட்கும். பின்னால் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். நாள் முழுக்க நான் அதற்காகத்தான் காத்திருப்பேன். ஆனால் அவளிடமும் பெட்ரோல் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

போன மாசியில் பின் பிரேக் மாட்டிக்கொண்டது. மிதித்த பெடல் மேலே வரவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல் சமதரையிலேயே வண்டி திணறியது. பிரேக் டிரம் தோசைக்கல்லாகக் கொதித்தது.

“இன்னொரு நா இப்பிடி ஆச்சுன்னா நான் ஷேர் ஜீப்புல போயிக்கிறேன்” என்றாள் மனைவி.

ஜீப்பில் யார் யாருக்கோ அவள் கதை சொல்லிக்கொண்டு போவாள், நான் தனியாக உருண்டு வருவேன். அன்றைக்கே வண்டியைச் சரிசெய்ய உட்கார்ந்தேன்.

நேராக மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். ஆனால் எனக்குத்தான் இரண்டு கை இருக்கிறதே, செல்போனில் வீடியோவும் இருக்கிறதே. பிரேக் கம்பியின் நட்டைத் தளர்த்தினேன். சக்கரம் ஜோராகச் சுற்றியது, பிரேக்தான் பிடிக்கவில்லை. மறுபடி இறுக்கிவிட்டு, டிரம்மின் இடுக்கில் தேங்காய் எண்ணெய் விட்டேன். தாராளமாகவே விட்டேன். பெடல் அழகாக மேலே வந்தது. தெருவில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பினேன். எங்கள் வாசலில் நிற்க வேண்டிய வண்டி பக்கத்து வீட்டு வேலிக்குள் போய் நின்றது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய பிரேக் ஷூவுக்கே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறேன்.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஜீப் ஞாபகம் வந்தது.

மறுநாள் ஞாயிறு. மெக்கானிக்கிடம் போகும்போது அவளும் கூடவே வந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம். அவர் சக்கரத்தைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

“என்னண்ணே, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா?”

நான் வானத்தைப் பார்த்தேன்.

“மலையில இருந்து எஞ்சின ஆஃப் பண்ணிட்டா இறங்குறீக?”

“பெட்ரோல்...” என்று இழுத்தேன்.

“இறக்கம் முழுக்க பிரேக்கயே மிதிச்சா உள்ள வேகாம என்ன செய்யும்? கிரீஸ் காஞ்சு ஷூவ விரிக்கிற இந்தக் கம்பி இறுகிப் போச்சு, பாருங்க. இனிமே எஞ்சின ஓடவிட்டு ரெண்டாவது கியர்ல இறங்குங்க.”

கம்பியைச் சுரண்டித் துடைத்து, துளி கிரீஸ் தடவி, புது ஷூ மாட்டிக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில், இனி எஞ்சின் சத்தத்தில் அவள் பேச்சு கேட்காதே என்று எனக்குத் துக்கம் தாங்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திச் சொல்லியே விட்டேன்.

“பெட்ரோலுக்காக இல்ல. நீ பேசுறதக் கேக்கத்தான் எஞ்சின அணைச்சேன்.”

அவள் என்னையே பார்த்தாள். “அட ஆண்டவனே! நான் பயத்துலதான பேசிக்கிட்டு வந்தேன். வாய மூடுனா ஒவ்வொரு வளைவுலயும் பள்ளந்தான் கண்ணுக்குத் தெரியும்.”

இத்தனை வருடம் நான் ரசித்துக் கேட்ட கதையெல்லாம் அவளுக்கு உயிர்ப்பயம். வெட்கமாக இருந்தது.

திங்கள் மாலை எஞ்சினை ஓடவிட்டு இரண்டாவது கியரில் இறங்கினேன். ஏதாவது சொல்வாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளைவு தாண்டியதும் முதுகில் தலை சாய்ந்தது. தூங்கிவிட்டாள்.

லோயர் கேம்ப் தாண்டியும் கியரை மாற்றவில்லை. வீடு வரை அதே மெதுவான வேகத்தில் ஓட்டினேன். பெட்ரோல் நிறையவே செலவானது.