புத்தகம் பிடித்துச் சிரித்த மூன்றாம் வகுப்பு

தூத்துக்குடிக் கடலோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயாவாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். படித்தது ஐந்தாவது வரைதான். புதிதாக வரும் டீச்சர்மாருக்காக, நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

1. மதில்

எங்கள் பள்ளியில் செல்போன் சிக்னல் கடல்பக்க மதிலோரம்தான் கிடைக்கும். மூன்றாம் வகுப்பு மெர்சி டீச்சர் பாதி நேரம் அங்கேதான் நிற்பார். பிள்ளைகள் கை கழுவினால் போட்டோ, செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் போட்டோ. எல்லாவற்றையும் கல்வித்துறையின் செல்போன் ஆப்பில் ஏற்ற வேண்டும்.

"ஆயாம்மா, கொஞ்சம் வகுப்பைப் பாத்துக்கிடுங்க" என்று ஓடுவார். எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது. சத்தம் வராமல் பார்த்துக்கொள்வேன். அதற்கே ஹெட்மாஸ்டர், "வகுப்பு நல்லா நடக்கு" என்று பாராட்டினார்.

பத்தரைக்கு வாசிப்பு நேரம். "வாசிங்க" என்றதும் பிள்ளைகள் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்து, அசையாமல் சிரிப்பார்கள். ஒரு போட்டோ. டீச்சர் மதிலுக்குப் போய்விடுவார்.

2. ஆபீசர்

எங்கள் வாசிப்புப் போட்டோக்கள்தான் வட்டாரத்திலேயே சிறந்தவையாம். பாராட்டவே கல்வி ஆபீசர் வந்தார். முன்வரிசை செல்வியிடம், "வாசி பாப்பா" என்றார். அவள் புத்தகத்தை விரித்துச் சிரித்தாள். வகுப்பே விரித்துச் சிரித்தது.

"போட்டோ இல்லம்மா, வாசி."

அவள் இன்னும் அகலமாகச் சிரித்தாள். கன்னம் வலித்திருக்கும். "இன்னும் எடுக்கலியா சார்?" என்றாள்.

ஆபீசர் திரும்பினார். "என்ன டீச்சர் இது?"

"சார், ஒரே ஒரு மாசம் இந்தப் போட்டோ வேலை இல்லாம விடுங்க. அம்புட்டுப் பிள்ளையளையும் வாசிக்க வச்சிருதேன்."

அவர் யோசித்தார். "நல்ல ஐடியா. எழுதி ஆப்புல ஏத்திருங்க."

"சரி சார்" என்றார் டீச்சர்.

3. வழியனுப்பு

அடுத்த வாரமே ராஜினாமா. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. "அங்க கன்டெய்னரை எண்ணுனாப் போதும், ஆயாம்மா. அதைச் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்ல" என்றார்.

வழியனுப்பு அன்று நான் கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஹெட்மாஸ்டர் போனைத் தூக்கினார். "டீச்சர், கொஞ்சம் சிரிங்க. ஆப்புல ஏத்தணும்."

டீச்சர் சிரிக்கவில்லை. பிள்ளைகள்தான், யாரும் சொல்லாமலே, புத்தகத்தை விரித்துச் சிரித்தார்கள். அதைப் பார்த்ததும் டீச்சர் அழுதுவிட்டார். அந்தப் போட்டோவை மட்டும் ஹெட்மாஸ்டர் ஏற்றவில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஹெட்மாஸ்டரிடம் சத்தம் போடுகிற டீச்சர் வேலையை விடமாட்டார். கேட்டதற்கெல்லாம் "சரி சார்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால், ஆயா வகுப்பில் உட்காரத் தயாராகிவிட வேண்டும்.