காற்று எச்சரிக்கைப் பட்டியல்

பதிவுசெய்த குரலை ஆயிரம் போன்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. திரேஸ்புரத்துப் படகுக்காரர்களின் எண்களை நான்தான் வீடுவீடாகப் போய்க் கையெழுத்தோடு வாங்கிவந்தேன். காற்று எச்சரிக்கைக்கு மட்டும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. ஒன்றுக்கென்று வாங்கிய எண்ணை வேறொன்றுக்குத் தொடக் கூடாது என்பது விதி. எனக்கு அது மனப்பாடம்.

பண்டிகை நேரத்தில் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு எண்கள் போதவில்லை. "அந்தப் பட்டியலையும் சேத்துக்கோம்மா, நம்ம ஊர்ச் சனந்தானே" என்றார் முதலாளி. சேர்த்தேன். எச்சரிக்கை போகிற அதே எண்ணிலிருந்து மூன்று நாள் சேலைத் தள்ளுபடி போனது. அவரை நொந்து என்ன? பொத்தானை அழுத்தியது என் விரல்.

அடுத்த வாரம் ஒரு நண்பகலில் நிஜமான எச்சரிக்கை வந்தது: சூறைக்காற்று, கடலுக்குப் போக வேண்டாம். உடனே அனுப்பினேன். யார் எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்ற அறிக்கை இரண்டு மணி நேரம் கழித்துத் திரையில் வந்தது. இரண்டு நொடி, மூன்று நொடி, மறுபடி இரண்டு நொடி. ஒருவர்கூட முழுதாகக் கேட்கவில்லை. அந்த வரிசையில் என் அண்ணன் வீட்டு எண்ணும் இருந்தது.

மதினியைக் கூப்பிட்டு, மத்தியானம் வந்த போனைக் கேட்டீர்களா என்றேன்.

"அந்தச் சேலைக்காரன் போனா? எடுத்த உடனே வச்சிட்டேன்."

"அண்ணன் எங்க, மதினி?"

"நான் அந்தப் போன வச்ச கையோட கடலுக்குப் போயிட்டாவ. இனி போன் எட்டாது. ஏளா, ஏன் கேக்க?"