தலைப்பாகை கட்டிய அந்தோணி

போன மாதம் மகள் என்னைப் புதுச்சேரியில் ஒரு காபிக் கடைக்கு அழைத்துப் போனாள். பழைய வீட்டைப் பழையதாகவே காட்டுவதற்கு நிறையச் செலவழித்திருந்தார்கள். சுவர் முழுக்க யார் வீட்டுப் பெரியவர்களோ சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அட, அந்தோணி!" என்றேன். மகள் திரும்பி வாசலைப் பார்த்தாள். தெரிந்தவர் யாரோ வந்துவிட்டார் என்று நினைத்திருப்பாள்.

படத்தில் இருந்தவர் அந்தோணி இல்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய மனிதர், ஏதோ சமஸ்தானத்தின் திவான். சரிகைத் தலைப்பாகை, மேல்நோக்கி முறுக்கிய மீசை, நெஞ்சில் இரண்டு பதக்கம், தடித்த புத்தகத்தின் மேல் ஒரு கை. எண்பதுகளின் கடைசியில் மரக்காணத்தில் நான் வேலை பார்த்த உப்புக் கம்பெனி ஆபீசில், இதே படம் என் டைப்ரைட்டருக்கு நேர் எதிரே தொங்கியது. யார் இவர் என்று முதலாளி பாயிடம் ஒருமுறை கேட்டேன். "எங்க அத்தா மாட்டுனதும்மா. திவான்னு சொல்வாரு. எந்த ஊரு திவான்னு எனக்கு எங்க தெரியும்?" என்றார். கீழே எழுதியிருந்த பெயரை உப்புக் காற்று தின்றுவிட்டிருந்தது.

உப்புக் காற்று எதைத்தான் விட்டது? ஜன்னல் கம்பி, ஆணி, என் டைப்ரைட்டரின் பாதிச் சாவிகள். திண்டிவனத்தில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்த பெருமையோடு வந்தவள், அங்கே இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே உப்புப் பாத்திகள். மதியத்தில் வெளிச்சம் மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று தெரியாது. வெள்ளைக் குவியல்களும் குனிந்து நிற்கும் ஆட்களும் தரையைத் தொடாமல் மிதப்பார்கள். சாக்கும் கார்பன் தாளும் கலந்த வாசனையில் எனக்குக் கண் சொக்கும். ஆபீசில் விழித்திருப்பவர் திவான் ஒருவர்தான்.

தண்ணீர் குடிக்க ஆபீசுக்கு வருகிறவர்களில் சவரியம்மா மட்டும் சொம்பைக் கவிழ்த்த பிறகும் நிற்பாள். பாத்தியில் உப்புச் சுமக்கிறவள், என்னைவிடப் பத்து வயது பெரியவள். ஒருநாள் படத்தைக் காட்டி, "எங்க ஊட்டுக்காரருக்கு இதே கண்ணும்மா," என்றாள். அவர்தான் அந்தோணி. எக்கியார்குப்பத்தில் மீன்பிடிப் படகு ஏறிக்கொண்டிருந்தவர், ஆறு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டார். கல்யாணத்துக்கு எடுத்த ஒரே படமும் ஒரு புயலில் கூரையோடு போயிற்று. இப்போதுபோல மனிதன் போகிற இடமெல்லாம் முகத்தைக் கொடுத்துவிட்டு வருகிற காலமா அது? ரேஷன் கார்டில்கூட முகம் கேட்க மாட்டார்கள்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். மழை பிடித்து, பாத்திகளில் தண்ணீர் நின்று, வேலை இல்லாமல் இருக்கும் நேரம். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூவும் மெழுகுவத்தியும் வைப்பார்கள். சிலர் இறந்தவரின் படத்தையும் கொண்டுவந்து சாத்தி வைப்பார்கள். "எல்லாரும் படம் வெக்கிறாங்கம்மா. எங்களுது மட்டும் மொட்டையா இருக்குது," என்றாள் சவரியம்மா.

யோசனை என்னுடையதுதான். எனக்கு இருபத்திரண்டு வயது. உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கிறது, அது நமக்குத்தான் தெரியும் என்று நினைக்கிற வயது. "இந்தப் படத்தையே வெச்சா என்னக்கா?" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. பாயிடம் கேட்டோம். "தாராளமா எடுத்துட்டுப் போங்க. ரெண்டு பேருமே மவுத்தாயிட்டவங்க. ஒருத்தரு மேல ஒருத்தரு கோவிச்சுக்கப் போறாங்களா?" என்றார்.

அன்று சாயங்காலம் நானும் போனேன். மழை விட்டிருந்தது. ஈர மண், சாமந்தி, மெழுகு வாசனை. ஒரு மீனவரின் தலைமாட்டில் திவான் பதக்கங்களோடு சாய்ந்திருந்தார். யாராவது சிரித்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தோணியோடு வலை இழுத்த ஒருவர் குனிந்து பார்த்தார். "அச்சு அசலு நம்ம அந்தோணிதாம்பா. தலப்பா கட்டியிருக்கான், அவ்ளோதான்," என்றார். பக்கத்துக் கல்லறைப் பெண், "ஆமா, அந்த மீசையப் பாரேன்," என்றாள். இன்னொருவர் நெற்றி என்றார். யாரும் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. அந்த வெளிச்சத்தில், பார்த்தே இராத அந்தோணியை நானும் பார்த்தேன். பங்குச் சாமியார் வந்து படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பேரு?" என்று கேட்டார். "அந்தோணி, சாமி." இருவருக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். சவரியம்மா அழுதாள். பெரிய காரியம் செய்துவிட்டவளாக நான் வீடு திரும்பினேன்.

அடுத்த வருஷம் திருநாளுக்கு முன்பே நானாகப் படத்தை இறக்கித் துடைத்து வைத்தேன். சவரியம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வேணாம்மா. கண்ண மூடினா இவருதான் வர்றாரு. அவரு வரவே மாட்றாரு."

படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். கண்ணைத் தவிர மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று முதல் நாளே அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த முகம் என்னிடமாவது கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது பாய் உயிரோடு இல்லை. ஆபீஸ் இருந்த இடத்தின் மேல் அகலமான சாலை போகிறது. காரில் போகிறவர்கள் இறங்கி உப்புக் குவியலோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும், கட்டடம் என்றால் இடியத்தான் இடியும். ஆனால் நினைவில் மட்டும் மிச்சமிருந்த ஒரு முகம் போனதே, அதில் என் கையும் இருக்கிறது.

நான் வேலையை விட்டுக் கிளம்பும்வரை சவரியம்மா தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். வலை இழுத்தவரைக் கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. அவரு மீச எப்பிடிண்ணா இருக்கும்?"

அவர் நன்றாகவே யோசித்தார். பிறகு இரண்டு விரலால், திவானின் மீசையைக் காற்றில் முறுக்கிக் காட்டினார்.